ஆனித் தேரும் சொந்தச் சமையல் லினக்ஸும்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் கட்டுரை எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் ஹயரும் படித்தவள். வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்கள் எழுதியதை டைப் அடித்தேன். சொந்தமாக ஒரு வரி அடித்ததில்லை. அப்படி ஏதாவது வந்திருந்தால் அதற்குப் பிழை என்று பெயர். ஆனாலும் கல்லூரிப் பிள்ளைகள் விடவில்லை. அவர்களுடைய கணினித் துறை மலருக்கு, இந்த ஊருக்கு லினக்ஸ் வந்த காலத்தில் இருந்தவர்கள் யாராவது எழுத வேண்டுமாம். இருந்தவர்களில் விவரமானவர்கள் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். மீதம் இருப்பது நான். கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்த பிறகு ரசத்துக்குக் கிடைக்கிற மரியாதைதான் எனக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்போது ஏன் கேட்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். தங்கள் ஆய்வகத்துக் கம்ப்யூட்டர்களை, எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து தாமே கம்பைல் செய்துகொள்ளும் லினக்ஸுக்கு மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு செமஸ்டராக அவர்களுக்குள் சண்டையாம். இரண்டு கட்சியாகப் பிரிந்து, கேன்டீனில் தனித்தனி மேசையில் உட்காருகிறார்களாம். "நீங்க இதெல்லாம் அப்பவே பாத்தவங்களாமே மேடம்" என்று கேட்டார்கள். பார்த்தேன். கண் சரியில்லாமல் போய், போன வருடம் வேலையை விட்டேன். அந்தக் கண் கெட்டதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

படித்த கதையை நீட்டப்போவதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். நடுவில் இருப்பவள் அடிப்பாள், ஓரத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். நான் எப்போதும் ஓரம். பிறகு ஒரு ஆடிட்டர் ஆபீசில் சில வருடம். அங்கிருந்து டவுணில் தெற்கு ரத வீதிக்கு, அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது.

அண்ணாச்சிக்குக் கீழே ஜவுளிக்கடை, மாடியில் சென்டர். வளைகுடாவில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் மெயில் அனுப்ப வரிசையில் நிற்பார்கள் என்று யாரோ சொல்லி, மாடியில் இருந்த வேட்டிக் கட்டுகளை இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை ஏற்றினார். சொன்னவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வாயால் சொல்வார்கள். நான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பேன். உம்மாவுக்கு முட்டுவலி தேவலை, பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, பெருநாளைக்காவது வருவீர்களா என்று சொல்லிக்கொண்டே போவார்கள். புருஷன்மாரிடம் சொல்ல வேண்டியதை என் காதில் சொன்ன பெண்கள் வெட்கப்படவில்லை. அடித்த நான்தான் வெட்கப்பட்டேன்.

அங்கே பெரிய பெட்டி ஒன்று, சின்னது ஆறு. சின்னதுக்கெல்லாம் ஹார்ட் டிஸ்க் கிடையாது, பெரியதை நம்பிப் பிழைப்பவை. பெரியதுதான் போன் லைன் வழியாக டயல் செய்து, எல்லோருடைய மெயிலையும் கொண்டுவந்து பிரித்துக் கொடுக்கும். அதில் லினக்ஸ். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. எஸ்.என். சார் ஒரு காலையில் அதைப் போட்டு முடித்துவிட்டார். போட்ட நாளிலிருந்து அது ஒழுங்காக ஓடியது. எல்லாத் தொல்லைக்கும் காரணம் அதுதான்.

எஸ்.என். சார் என்றால் சங்கரநாராயணன் சார். கல்லிடைக்குறிச்சிக்காரர். இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வந்து, அண்ணாச்சியின் சென்டரைப் பார்த்துக்கொண்டவர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நான் ஒரு தப்புச் செய்தால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "ஏன் இப்படி ஆச்சுன்னு நினைக்கறீங்க, கோமதி?" என்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். திட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்குப் பதில் தெரிந்தாலும் வாய் திறக்காது. இருவரும் உட்கார்ந்தே இருப்போம். அதற்குள் கீழே ஒரு முகூர்த்தத்துக்கான பட்டு மொத்தமும் விற்று முடிந்திருக்கும்.

எதையும் அவர் 'கொள்கையளவில்' என்றுதான் ஆரம்பிப்பார். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுகூட அவருக்குக் கொள்கையளவில்தான். மற்றபடி தங்கமான மனிதர். தங்கத்தை வைத்து இட்லி அவிக்க முடியாது, அவ்வளவுதான்.

பெங்களூர் நண்பர் ஒருவர் அவருக்குச் சில சிடிக்களைத் தபாலில் அனுப்பினார். அதில் இருந்தது முழுக்க சோர்ஸ். அதாவது புரோகிராம் எழுதுகிறவர்கள் மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுதியது. மெஷினுக்கு அது அப்படியே புரியாது. கம்பைலர் என்று ஒன்று அதைப் படித்து மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும். பத்திரிகை சிடியில் இந்த வேலையெல்லாம் வேறு யாரோ முடித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்திருப்பார்கள். சோர்ஸ் சிடியில் ஒவ்வொன்றையும் நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். செய்தால் நம் பெட்டிக்கு ஏற்ற அளவில், வேண்டாததெல்லாம் இல்லாமல், வேகமாக ஓடும் என்றார் சார். எங்கள் பெட்டி அப்போதே பழையது. அதனால் வேகம் என்றதும் எனக்கும் ஆசை வந்தது.

அண்ணாச்சிக்கு விளங்க வேண்டும் என்று சார் ஓட்டலை உதாரணம் காட்டினார். கட்டிக் கொடுக்கிற லினக்ஸ் ஓட்டல் சாப்பாடு, எவன் எந்த எண்ணெயில் பொரித்தானோ தெரியாது. சோர்ஸ் என்பது வீட்டுச் சமையல், அரிசி முதல் உப்பு வரை நம் கை. இதை அவர் சொன்னது மத்தியானம் ஒரு மணிக்கு. பேசிக்கொண்டே மெஸ்ஸிலிருந்து வந்த கேரியரைத் திறந்தார். பால் பொங்கினால் அடுப்பை எந்தப் பக்கம் திருப்பி அணைப்பது என்று கேட்டால் நூலகத்துக்குப் போகிறவர் அவர்.

அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று.

"இப்ப ஓடுதுல்லா?"

"ஓடுது அண்ணாச்சி. ஆனா கொள்கையளவில்…"

"ஓடுதத ஏன்வே நிறுத்தணும்?"

இந்த இரண்டு பேச்சும் கொஞ்சம் கூடக் குறைய மூன்று வாரம் நடந்தன. சார் போர்டில் படம் போட்டுக் காட்டினார். அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு, இதில் மெயில் எங்கே வருகிறது என்று கேட்டார். பிறகு இருவருக்கும் அலுத்துப்போய், கடைசியில் தினமும் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள் கோமதிதான், அவளே சொல்லட்டும் என்று என் தலையில் கட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஆளுக்கொரு தடவை கேட்டுப் பார்த்தார்கள். தரையையே பார்த்தேன். முதலாளியிடம் 'மாற்றலாம்' என்றும், மேலதிகாரியிடம் 'மாற்ற வேண்டாம்' என்றும் சொல்ல எனக்கு வாய் ஏது? பேசாமல் இருந்ததைச் சார் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி பெரிய மனது பண்ணி ஒரு நிபந்தனை போட்டார். ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது. மாற்றுவதானால் ஆனி முடிவதற்குள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆவணிக்குப் பார்க்கலாம். கொள்கையளவில் நாள் கிழமையில் நம்பிக்கை இல்லாத சார், அன்றைக்கே காலண்டரை எடுத்து ஆனிக்கு எத்தனை நாள் பாக்கி என்று எண்ணினார்.

வேலை தொடங்கியது. ஓடுகிற பழையதற்குப் பக்கத்திலேயே, அதே டிஸ்க்கில் ஒரு ஓரத்தை ஒதுக்கிப் புதியதைக் கட்டினோம். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரே சடங்கு. மூட்டையை அவிழ்க்க வேண்டும். பிறகு ஒரு கட்டளை கொடுத்தால், அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். சம்பந்தம் பேச வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அப்புறம் கம்பைல். எழுத்துகள் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். நல்லபடியாக முடிந்தால் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைக்க இன்னொரு கட்டளை. இதில் கம்பைலருக்கு மட்டும் தனி மரியாதை. பழைய கம்பைலரை வைத்துப் புதிய கம்பைலரைச் செய்ய வேண்டும். அந்தப் புதியது தன்னையே ஒரு தடவை செய்துகொள்ளும். அப்படிச் செய்தது மறுபடி தன்னைச் செய்துகொள்ளும். கடைசி இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் நம்பலாமாம். எங்கள் பெட்டியின் வேகத்தில், ஒருநாள் காலையில் தொடங்கிய இந்தப் பிரசவம் மறுநாள் சாயந்தரம்தான் முடிந்தது. சார் எனக்கு லாலா கடை அல்வா வாங்கித் தந்தார்.

நடுவில் வேலை திடீர் திடீரென்று நின்றது. திரையில் 'சிக்னல் பதினொன்று' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். மறுபடி ஓட்டினால் அதே இடத்தில் நிற்காது, வேறு இடத்தில் நிற்கும். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை கேள்வி பெட்டியிடம். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே யோசித்துவிட்டு, தப்பு புரோகிராமில் இல்லை, மெமரிச் சில்லில்தான் என்று கண்டுபிடித்தார். சூடு ஏறினால் அது உளறுகிறது. சாதாரண வேலையில் அந்த உளறல் வெளியே தெரியாது, கம்பைல் செய்யும்போது தெரிந்துவிடும். நம் வீட்டு மனிதர்கள் மாதிரிதான். சில்லைக் கழற்றி, அதன் பித்தளை ஓரத்தைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினார். பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு டேபிள் ஃபேனை எதிரே வைத்தார். அன்றிலிருந்து எங்களுக்குப் புழுக்கம், பெட்டிக்குக் காற்று.

கெர்னல் என்கிற நடு எஞ்சினைக் கம்பைல் செய்வதை மட்டும் என்னிடம் விட்டார். அது முதலில் நூற்றுக்கணக்கில் கேள்வி கேட்கும். இந்தக் கருவி உண்டா, அந்தக் கருவி உண்டா என்று ஒவ்வொன்றாக வரும். ஒய் அல்லது என் அடித்தால் போதும். ஒன்றைத் தப்பாக அடித்தால் முதலிலிருந்து. நான் மூன்று தடவை முதலிலிருந்து போனேன், ஒரு தடவைகூட அலுக்கவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்காமல், ஒரே எழுத்தில் பதில் சொன்னால் போதும் என்று அதுவரை என்னிடம் யார் கேள்வி கேட்டிருக்கிறார்கள்?

முடிந்து, முதல் தடவை அந்தக் கெர்னலை ஓட்டியபோது திரையில் மேலே ஒரு வரி வந்தது. அதைக் கம்பைல் செய்தவர் பெயரை அது தானாகவே எழுதி வைத்துக்கொள்ளுமாம். கோமதி என்று சின்ன எழுத்தில் இருந்தது. சார் அதைக் கவனிக்கவில்லை, அடுத்த வரியில் ஏதோ பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்றிலிருந்து சார் கட்சி. ஆனால் அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் மைதீன் பாய் தினமும் வந்தார். மேலப்பாளையத்துக்காரர். சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் வெல்டர். லீவில் வந்திருந்தார். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், லீவில் போனவர்களில் யார் யாரைத் திரும்பக் கூப்பிடுவது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். கூப்பிடுவதானால் மெயில் வரும். வந்தால், வருகிறேன் என்று உடனே எழுதிப்போட வேண்டும். சுணங்கினால் அந்த இடம் வேறு ஆளுக்கு. ஊரில் கட்டிக் கொடுத்த தங்கச்சிகள் போக, கட்டிக் கொடுக்க வேண்டிய தங்கச்சி ஒன்று. காலையில் ஒரு தடவை, சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை மாடி ஏறி வருவார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். போய்விடுவார். மூடி இல்லாத பெட்டியையும் அதற்கு வீசுகிற ஃபேனையும் பார்த்துவிட்டு ஒருநாள் மட்டும், "என்னம்மா, பிரசவ வார்டா?" என்று கேட்டார். அவர் கேலிதான் செய்தார். விஷயம் உண்மை.

ஆனி முடியப்போகிறது. டிஸ்க்கில் இடம் போதவில்லை. சார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பழையதில் ஒவ்வொரு புரோகிராமாக அழித்து, அந்த இடத்தில் புதியதைக் கட்டுவது. குடியிருக்கிற வீட்டின் சுவரைப் பிரித்து அந்தச் செங்கலில் பக்கத்து வீடு எழுப்புகிற மாதிரி. புதன்கிழமை சாயந்தரம் டயல் செய்கிற புரோகிராமையும் மெயில் கொண்டுவருகிற புரோகிராமையும் அழித்தார். மறுநாள் வியாழன், நெல்லையப்பர் தேர். சென்டருக்கு எப்படியும் லீவு. அன்றைக்கு இரண்டையும் கம்பைல் செய்துவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் புதிய லினக்ஸோடு திறக்கலாம் என்பது அவர் திட்டம்.

தேரன்று நாலு ரத வீதியிலும் கரண்ட் கிடையாது. தேர் உயரத்துக்கு வயரை எல்லாம் இறக்கிவிடுவார்கள். இது சாருக்கும் தெரியும். அதற்காக அண்ணாச்சியின் ஜெனரேட்டரைக் கேட்டிருந்தார். அண்ணாச்சியும் தருகிறேன் என்றிருந்தார். எப்படியும் சாயந்தரம் தேர் நிலைக்கு வந்துவிட்டால் கரண்டும் வந்துவிடுமே என்றார் சார். இங்கேதான் கல்லிடைக்குறிச்சிக்காரர் என்பது தெரிந்தது. டவுண்காரர் எவரும் அந்தத் தேரை நம்பி ஒரு திட்டம் போட மாட்டார்.

"தேரு எப்ப நிலைக்கு வரும்னு உள்ள உக்காந்திருக்க சாமிக்கே தெரியாதுவே" என்று அண்ணாச்சி சொன்னார். சார் சிரித்தார்.

வியாழக்கிழமை காலையில் ஜெனரேட்டர் எங்கள் பின்சந்தில் இல்லை. தெருமுக்கில் அண்ணாச்சி உபயமாகப் போட்ட நீர்மோர்ப் பந்தலில், மைக் செட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. சார் போய்க் கேட்டதற்கு, புண்ணியம் முன்னால், லினக்ஸ் பின்னால் என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார்.

மாடி முழுக்க அண்ணாச்சி வீட்டுச் சொந்தம். தேர் பார்க்க எங்கள் ஜன்னலைவிட நல்ல இடம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் கீபோர்டில் உட்கார்ந்திருந்தன. சார் கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தேர் கீழ ரத வீதி முக்கு திரும்பி, அசைந்து அசைந்து வந்து, எங்கள் கடையைத் தாண்டி நாலு கட்டடம் போனதும் நின்றது. சக்கரம் எங்கேயோ இறங்கிவிட்டது. தடி போட்டார்கள், கட்டை வைத்தார்கள், வடம் பிடித்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். தேர் அசையவில்லை. சாமியை இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று மாடியில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, சட்டை முழுக்க நனைந்து மைதீன் பாய் மாடி ஏறி வந்தார். அவர் கேலி எதுவும் செய்யவில்லை. முந்தின நாள் ராத்திரி தம்மாமிலிருந்து கூட்டாளி பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறான். மெயில் அனுப்பிவிட்டார்களாம். இன்றைக்கு அங்கே ஆபீஸ் மூடுவதற்குள் பதில் வேண்டுமாம். நாளைக்கு வெள்ளி, அவர்களுக்கு லீவு. சனிக்கிழமை ஆள் பட்டியல் முடிவாகிவிடும். போனில் சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது, எந்த நம்பரில் சொல்வது என்பதும் அந்த மெயிலில்தான் இருக்கிறது. ஜங்ஷனில் மெயில் பார்க்க இன்னொரு இடம் உண்டு. அவர்கள் தேருக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தேர் பார்க்க எங்கள் தெருவுக்கே வந்திருந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிந்தார்கள்.

சார் நிலைமையை முழுவதும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கரண்ட் இல்லை என்பதையும், இருந்தாலும் மெயில் புரோகிராம் இல்லை என்பதையும் சொன்னார். மைதீன் பாய் ஜன்னலுக்குப் போய் நின்ற தேரைப் பார்த்தார். பிறகு, பேட்டையில் தன் மச்சான் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறான், அங்கே கரண்டும் உண்டு, லைனும் உண்டு, பெட்டியை அங்கே தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டார்.

அண்ணாச்சி ஒரு புது வேட்டியை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் குங்குமம் அதன் நெற்றியில் அப்படியே இருந்தது. முன்னால் மைதீன் பாய் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, நடுவில் சார் மானிட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் நான் கீபோர்டும் மோடமும் சிடிப் பையுமாகப் போனோம். தேர் நின்ற கூட்டத்தில் ஊசி போக இடமில்லை. ஆனால் எங்களுக்கு வழி விட்டார்கள். புது வேட்டி, சந்தனம், பின்னால் பவ்யமாக ஒரு பெண். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூச்சத்தில் நான் செத்தேன். மேல ரத வீதி தாண்டியதும் ஆட்டோ கிடைத்தது.

பூத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடி அறை. மச்சான் நல்ல மனிதர், போன் வயரைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிட்டார். வெளியே போன் பேச வந்தவர்களிடம் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சார் பெட்டியைப் போட்டார். ஓடியது. என் பெயர் வந்து போனது. டயல் புரோகிராமைக் கம்பைல் செய்யத் தொடங்கினார். எழுத்துகள் ஓடின. மைதீன் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்தார். அது தன் வேலை பற்றிய செய்தி என்று நினைத்தார் போலிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து 'சிக்னல் பதினொன்று'.

ஆட்டோவில் ஆடியதில் சில்லு நகர்ந்துவிட்டது என்றார் சார். மச்சானிடம் ரப்பர் வாங்கி, சில்லைக் கழற்றி, பதறாமல் தேய்த்தார். பதறாதது அவர் குணம். அந்தக் குணத்தை அன்றைக்கு யாராலும் தாங்க முடியவில்லை. மறுபடி தொடக்கத்திலிருந்து கம்பைல்.

"என்ன சார் செய்யுது இது?" என்று கேட்டார் மைதீன் பாய்.

சார் விளக்கினார். கட்டிக் கொடுப்பது, நாமே செய்துகொள்வது, ஓட்டல், வீட்டுச் சமையல், எல்லாம். இதற்குப் பிறகு மெயில் புரோகிராம் ஒன்று பாக்கி, எல்லாம் நல்லபடியாகப் போனால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். மைதீன் பாய் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சார், பசிச்சவன் எலை போட்டு உக்காந்தாச்சு. நீங்க இப்பதான் நெல்லு அவிக்கிய."

சொன்னவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, பார்த்து, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். அதை அவர் ஏன் எடுத்துக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை. மெயிலுக்கு அது தேவையில்லை.

சார் பையைப் பார்த்தார். பத்திரிகையோடு வந்த பழைய சிடி அதில் இருந்தது. அதைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் டயலும் மெயிலும் தயார். ஆனால் டிஸ்க்கில் இடம் இல்லாததால், கட்டியதை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் போட முடியும். எங்களுக்கு மூன்று மணி நேரம் இருந்ததா என்றால் இருந்தது, மயிரிழையில். அதாவது மறுபடி ஒரு சிக்னல் வராவிட்டால். சார் ஒரு காலி மரப்பெட்டியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க, கோமதி?"

வழக்கம்போல் காத்திருந்தார். தரையில் யாரோ போட்ட பீடித்துண்டு கிடந்தது, அதைப் பார்த்தேன். அதுவரை என் கையால் நான் செய்தது என்று உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது அந்த டிஸ்க்கில் இருந்தது. மூன்று மணி நேரம் நல்லபடியாகப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்ப எனக்கு அத்தனை ஆசையாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

"சிடியவே போட்டுருவோம் சார்" என்றேன்.

நானாகச் சொன்னேனா என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "சரி" என்றார். கொள்கையளவில் என்று சேர்க்கவில்லை. சிடியைப் போட்டதும், டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சார் கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார். ஒய் அடித்தேன்.

முடிந்து திரும்ப ஓட்டியபோது, மேல் வரியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பெயர் இருந்தது. மோடம் கத்தியது, இணைந்தது, மெயில் வந்தது. மைதீன் பாய்க்கு அதில் ஒன்று. விமானம் எந்தத் தேதி என்றும், வர முடியுமா என்றும் கேட்டு ரெண்டே வரி. அவர் சொன்னார், நான் அடித்தேன்.

"வாரேன்னு போடும்மா. என்ன வேலைனாலும் வாரேன்னு போடு."

இரண்டாவது வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி டயல் செய்தோம். ஓகே என்று பதில் வந்திருந்தது. அந்த ஒரு சொல்லை மைதீன் பாய் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் வந்து அதை நெடுநேரம் படித்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சார், ஆவணியில் இன்னொரு டிஸ்க் வாங்கிவிட்டால் இடப் பிரச்சினை இருக்காது என்றார். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை உண்மையிலேயே சம்மதம்தான். ஆவணியில் அண்ணாச்சி டிஸ்க் வாங்கித் தரவில்லை. மார்கழியில் சார் மறுபடி பெங்களூர் போய்விட்டார்.

கேன்டீனில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சோர்ஸ் பக்கம்தான். கட்டிப் பாருங்கள். ஆனால் யாராவது வந்து உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால், அவருக்கு வேண்டியது என்ன என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

அந்தத் தேர் மறுநாள் மத்தியானம்தான் நிலைக்கு வந்தது. சாயந்தரம் கரண்ட் வந்தது. சார் லீவு சொல்லியிருந்தார். நான் சென்டரைத் திறந்து, கீபோர்டுகளில் சிந்தியிருந்த பொரியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். மெயில் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். யாருக்கும் எதுவும் வந்திருக்கவில்லை.